நாபோத்தின் தோட்டமும் நமது காணி உறுதிகளும்



2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதியிடப்பட்ட ஒரு வர்த்தமானி அறிவித்தல் வடபகுதி மக்களின் உறக்கத்தைக் கெடுத்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் வந்த அறிவித்தல் அது. வடக்கின் நான்கு மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு உரித்துடையோர் மூன்று மாதங்களுக்குள் உரிமை கோர வேண்டும். தவறின் அவை அரச காணிகளாகலாம் என்பதே அதன் சாரம். முல்லைத்தீவில் 1,703 ஏக்கரும் கிளிநொச்சியில் 515 ஏக்கரும் அதில் அடங்கியிருந்தன. எதிர்ப்பு வலுத்தது. ஜூன் மாத இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலை மீளப்பெற்றது.

செய்தி பழையதாகிவிட்டது. அது எழுப்பிய கேள்வி இன்னும் நம் முன் நிற்கின்றது. ஒரு காணியை ஒரு குடும்பத்துக்கு உரியதாக்குவது எது?

அரசர்கள் முதல் நூலின் 21ஆம் அதிகாரம் இக்கேள்விக்கு நம்மை அழைத்துச் செல்கின்றது. நாபோத்து என்னும் குடியானவனின் திராட்சைத் தோட்டம் ஆகாபு மன்னனின் அரண்மனைக்கு அருகில் இருந்தது. மன்னன் அதைக் கேட்டபோது அநியாய விலை கேட்கவில்லை. அதனிலும் நல்ல தோட்டம் தருவதாகவோ உரிய பணம் தருவதாகவோ கூறினான். ஆயினும், மூதாதையர் வழிவந்த உரிமையைக் கைவிடுவது இறைவனுக்கு ஏற்காத செயல் என்று நாபோத்து மறுத்துவிட்டான். அவனுக்கு அந்நிலம் விலைப்பொருளன்று. தந்தையரிடமிருந்து பெற்றுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு.

அடுத்து நடந்ததை உற்று நோக்குங்கள். ஈசபேல் அரசி படையை அனுப்பவில்லை. அரசனின் பெயரால் மடல்கள் எழுதி, அவனது முத்திரையை இட்டு, ஊர்ப் பெரியோருக்கு அனுப்பினாள். விசாரணை நடந்தது; சாட்சிகள் வந்தனர்; தீர்ப்பும் கிடைத்தது. எல்லாம் முறைப்படியே நடந்தன. அநீதி சில வேளைகளில் எழுதுகோலும் முத்திரையும் ஏந்தி வரும் என்பதை வேதாகமம் அன்றே எழுதி வைத்தது.

2009இல் போரின் இறுதியில் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவின் முகாம்களை வந்தடைந்தனர். பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி ஓடியவர்களில் உறுதிகளைக் காப்பாற்றியோர் எத்தனை பேர்? உரியவர் இறந்தார், சிலர் காணாமல் ஆக்கப்பட்டனர், பலர் கடல் கடந்தனர். இத்தகைய மண்ணில் மூன்று மாத அவகாசம் கொடுத்துப் பத்திரம் கேட்பது, எரிந்த வீட்டிற்குத் திறப்புக் கேட்பதற்கு ஒப்பாகும்.

1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட 'புதியன பற்றி' என்னும் சுற்றுமடல், குடும்பம் அரசுக்கு முந்தியது என்று போதித்தது. தந்தையின் உடைமை பிள்ளைகளைச் சேர்வது இயற்கையின் நியதி; வியர்வை சிந்திப் பண்படுத்தியவனின் உழைப்பு அந்நிலத்தோடு ஒன்றாகிவிடுகின்றது என்றும் அது விளக்கியது. அரசு குடும்பங்களின் உரிமையைப் பாதுகாக்கப் பிறந்தது. அவ்வுரிமையை அது படைப்பதில்லை.

இவ்வுண்மையைப் பூநகரியின் இரணைதீவு மக்கள் வாழ்ந்து காட்டினர். 1992இல் இடம்பெயர்ந்த அக்கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள், கடற்படையினரின் பிடியிலிருந்த தம் தீவைக் கேட்டு ஏறத்தாழ ஓராண்டு அறவழியில் போராடின. 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக்கொடிகளுடன் படகேறிச் சென்று சொந்த மண்ணில் கால் பதித்தன. கல்லெறியவில்லை, பிறர் உடைமையைக் கேட்கவுமில்லை.

அன்பார்ந்தவர்களே, ஆகாபுவை அரண்மனைகளில் மட்டும் தேடாதீர்கள். அவன் நம் முற்றத்திலும் இருக்கக்கூடும். வெளிநாட்டுப் பணத்தின் பலத்தில் உடன்பிறந்தாளின் பங்கை எழுதி வாங்குபவன் யார்? தந்தை வெட்டிய காட்டை மதுவுக்கும் பயண முகவருக்கும் விற்பவன் யார்? 1977ஆம் ஆண்டின் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் கழனியாக்கிய குடும்பங்கள் பல, இன்றும் பத்திரமின்றிப் பிறர் பெயரிலுள்ள காணிகளில் வாழ்கின்றன. உழைப்பும் தலைமுறையும் உரிமை தருமென்று அரசிடம் வாதாடும் நாம், அதே நியாயத்தை அவர்களுக்கு மறுக்கலாமா? நிலம் தம்முடையதே என்றும், மனிதர் அதில் தங்கிச் செல்வோர் என்றும் ஆண்டவர் லேவியர் நூலில் நினைவூட்டுகின்றார். அவ்வார்த்தை அரசுக்கும் நமக்கும் பொதுவானது.

எனவே, வர்த்தமானி மீளப்பெறப்பட்டதென்று ஓய்ந்துவிடாதீர்கள். பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே ஆவணங்களைச் சீர்செய்யுங்கள். தொலைந்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் தேடுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பின்னுரித்தாளரைப் பிரதேச செயலகத்தில் பதியுங்கள். புதல்வியருக்கும் பங்கு எழுதுங்கள்; செலொபுகாதின் ஐந்து புதல்வியருக்கு மோசே வழியாக ஆண்டவர் அளித்த தீர்ப்பு அதுவே. வாசிக்கத் தெரியாத அயலவருக்காக ஒரு நாளை ஒதுக்கி அவருடன் கந்தோருக்குச் செல்லுங்கள்.

நாபோத்தின் ஊர்ப் பெரியோர் அரசியின் மடலை மறுத்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அநீதியான மடல் நம் ஊருக்கு வரும் நாளில், நாம் முத்திரையைப் பார்த்துத் தலைகுனியாமல், அயலவனின் முகத்தைப் பார்த்துத் துணைநிற்போமாக.