கரையோரம் நடந்த சகோதரி

மூஸா நபியின் வரலாற்றை நாம் எல்லோரும் சிறு வயதிலேயே ஓதியிருக்கிறோம். குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட தாய், பின்தொடர்ந்து போய்ப் பார்க்கும்படி தன் மகளைத்தான் அனுப்பினார். அந்தச் சகோதரி கூச்சலிடவில்லை. யாரும் அறியாமல் தூரத்தில் நின்று கவனித்தார். பிர்அவ்னின் மாளிகையில் குழந்தை எவரிடமும் பால் குடிக்காதபோது, தக்க நேரத்தில் வாய் திறந்தார். குழந்தை தாயின் மடிக்கே திரும்பியது. அல்குர்ஆனின் 28ஆவது அத்தியாயம் இதைச் சொல்கிறது.

எனக்கு இதன் பொருள் விளங்கியது பத்தாம் தரத்தில். தோழியரோடு எடுத்த படத்திலிருந்து என் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து யாரோ அசிங்கமாக மாற்றியிருந்தார்கள். சொன்னபடி கேட்காவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவதாக வட்ஸ்அப்பில் மிரட்டல் வந்தது. நான் ஒரு பிழையும் செய்யவில்லை. ஆனாலும் உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்தேன்.

ராத்தாதான் கவனித்தார். "ரெண்டு நாளா சோறு தின்னல்ல, என்ன புள்ள?" நான் பேசவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. அன்றிரவு தன் பாயை என் பாயருகே போட்டுக்கொண்டார். மூன்றாம் இரவு எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். "உம்மாட்ட சொல்லிராதீங்க" என்று கெஞ்சினேன்.

"நான் சொல்லமாட்டன். நீதான் சொல்லப் போறாய். நான் பக்கத்துல இருக்கன்."

மறுநாள் சுபஹுக்குப் பின் குசினியில் ராத்தாவின் கையைப் பிடித்தபடி சொன்னேன். உம்மா அழுதார், ஆனால் ஏசவில்லை. வாப்பா அந்தச் செய்திகளை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி, முறைப்பாடு செய்தார். மிரட்டல் நின்றது.

இரகசியத்தைக் காப்பதே சகோதர பாசம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சின்னச் சின்ன இரகசியங்களுக்கு அது சரி. ஆனால் ஒரு பிள்ளையை உள்ளே இருந்து தின்னும் விடயத்தை மூடி வைப்பது அமானிதம் ஆகாது. கைபிடித்துப் பெற்றோரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அமானிதம்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் கிழக்கிலே கலியாணத்தின்போது வீடு பெண்பிள்ளைக்குச் சேர்கிறது. ராத்தா தங்கச்சிமார் பெரும்பாலும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவிலோ காலம் முழுக்க வாழ்கிறார்கள். அந்த வாழ்வுக்கான நம்பிக்கை பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் வேர் விடுகிறது. "ராத்தாவைப் பார்த்துப் படி" என்று ஒப்பிட்டு அதை அறுக்காதீர்கள். மூத்தவளை இளையவளுக்கு உளவாளியாக்காதீர்கள். இருவரும் சேர்ந்து வந்து ஒன்றைச் சொன்னால், "ஏன் இவ்வளவு நாளும் மறைச்சீங்க?" என்பது உங்கள் முதல் கேள்வியாக வேண்டாம்.

ராத்தா இல்லாத தோழியரே, காக்காவோ சாச்சியோ நம்பிக்கையான ஆசிரியையோ உங்களுக்கு இருக்கலாம். யாரிடமும் சொல்ல முடியாவிட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம்.

என் தங்கச்சி இப்போது எட்டாம் தரம். அவள் சோற்றுப் பீங்கானைத் தள்ளிவைக்கும் நாளில், காரணம் கேட்குமுன் அவளருகே என் பாயைப் போடுவேன்.