மூன்று நிமிடம் காது கொடுங்கள்



பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். தன் ஆய்வைச் சபை முன் நின்று விளக்க வேண்டுமே என்ற பயம் அவளுக்கு. "உம்மா, கொஞ்சம் இருந்து கேளுங்களேன்" என்கிறாள். "எனக்கு இதெல்லாம் எங்க மகள் விளங்கப் போகுது" என்று நாம் குசினிக்குள் போய்விடுகிறோம். நாம் விடும் தவறு அதுதான். அந்த நேரம் அவளுக்குத் தேவை, விஷயம் தெரியாத ஒருவரின் காது.

அவுஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2008ஆம் ஆண்டு ஒரு போட்டியைத் தொடங்கியது. அங்கே அப்போது கடும் வரட்சி. தண்ணீரை மிச்சம் பிடிக்க, முட்டை அவிக்க நேரம் பார்க்கும் மூன்று நிமிடக் கடிகாரத்தைக் குளியலறைச் சுவரில் வைத்து, அதற்குள் குளித்து முடித்தார்கள். அதிலிருந்துதான் பேராசிரியர் அலன் லோசனுக்கு யோசனை பிறந்தது. கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர் தன் முழு ஆய்வையும் மூன்றே நிமிடத்தில், அசையாத ஒரே படத்தைத் திரையில் காட்டி, அத்துறை தெரியாதவர்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். நேரம் தாண்டினால் போட்டியிலிருந்து நீக்கம். இன்று பல நாடுகளில் இப்போட்டி நடக்கிறது.

மூன்று நிமிடத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது? இங்கேதான் உம்மாவின் உதவி வேண்டும்.

ஓர் உதாரணம். கற்பிட்டியில் உரம் அதிகம் இட்டுப் பயிர் செய்யும் மணல் நிலங்களில், கிணற்று நீரில் நைத்திரேற்று சேர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் மகள் அங்கே பத்துக் கிணறுகளைப் பரிசோதித்தாள் என்று வைத்துக்கொள்வோம். கருவியின் பெயரிலும் சமன்பாட்டிலும் பேச்சைத் தொடங்குவாள். நீங்கள் கேட்பீர்கள்: "அந்தத் தண்ணியில பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாமா? கொதிக்க வெச்சா போயிடுமா?"

ஆய்வின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நைத்திரேற்று அளவு மீறினால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் சக்தி குறையும். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை இதை எண்ணியே வைக்கப்பட்டது. கொதிக்க வைத்தால் அது போகாது; நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். உங்கள் கேள்வியே அவள் பேச்சின் முதல் வசனமாகட்டும். வரைபடம் காட்டுவதானால், கிடைக்கோடு எது, நிலைக்கோடு எது என்று சொல்லிவிட்டுப் பிறகு முடிவைச் சொல்லட்டும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பேச்சைச் சுருக்கலாம், உண்மையைச் சுருக்கக்கூடாது. பத்துக் கிணறு பார்த்தவள் "கற்பிட்டி முழுவதும் இப்படித்தான்" என்று சொல்லலாகாது. "நான் பார்த்தது பத்துக் கிணறுதான்" என்று சொல்வதில் வெட்கமில்லை. யாராவது கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால், "அதை நான் பரிசோதிக்கவில்லை" என்று சொல்லப் பழகட்டும். அப்படிச் சொல்பவளைத்தான் சபை நம்பும்.

எனவே சகோதரிகளே, அடுத்த முறை மகள் அழைத்தால் அடுப்பை அணைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி அவள் முன் உட்காருங்கள். முடிந்ததும், விளங்கியதை உங்கள் வார்த்தையில் அவளிடமே திருப்பிச் சொல்லுங்கள். அது பிழையாக வந்தால் உங்கள் அறியாமை என்று எண்ண வேண்டாம். பேச்சில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிடும்.