மோட்டர் கொட்டிலுக்குத் தனிச் சுவிட்ச் வேண்டும்



உரும்பிராய், கோப்பாய்ப் பக்கம் பல வளவுகளில் மோட்டர் கொட்டில் வீட்டுக்கு எட்டத்தில் இருக்கிறது. மின்சாரம் போவதோ வேலிக் கதியாலில் கட்டிய வயரில். கிளுவைக் கதியால் பருக்கக் கட்டு இறுகி, வயரின் தோல் வெட்டுப்படும். ஈரத்தில் நிற்பவருக்கு ஆபத்தென்றால் வீட்டுக்கு ஓடித்தான் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அதற்குள் உயிர் போய்விடும்.

இங்கு வயரிங்குக்குப் பின்பற்றப்படும் பி.எஸ். 7671 நியமம், நிலையான மோட்டர் ஒவ்வொன்றுக்கும் கைக்கெட்டும் இடத்தில் நிறுத்தும் வசதி கேட்கிறது. அமெரிக்க விதிகள் தனிக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் துண்டிக்கும் சுவிட்ச் கேட்கின்றன. எனவே கொட்டிலுக்குள்ளேயே பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் சுவிட்சும், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்சும், ஒழுங்கான எர்த்தும் வேண்டும். புதிய இணைப்பு கொடுக்கும்போது மின் விநியோக நிறுவனத்தினர் கொட்டிலையும் பார்த்துவிட்டே கொடுக்க வேண்டும். கொட்டில் வைத்திருப்போர் மாரிக்கு முன் இந்தச் சுவிட்சுகளைப் பொருத்துங்கள்.

தோட்டக்காரன்,
கோப்பாய்