இன்ஜின் வேலை பார்த்த வண்டிய எப்படி ஓட்டணும்?

மஞ்சள் வெட்டு, வேக வைக்கறது, காய வைக்கறதுன்னு ஒரு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலீங்க. அதுக்குள்ள வீட்டு மாருதி 800 இன்ஜினைப் பிரிச்சு மாட்டியாச்சு. அதுனால சொந்தத்துக்குள்ள ஒரு மனஸ்தாபமும் வந்தாச்சு. இன்னைக்கு அந்த ரெண்டையும் பத்தித்தான்.

வண்டி 98 மாடல். ரேடியேட்டர் ஒழுகறத கவனிக்காம சொந்தக்காரப் பையன் ஒருத்தன் ஓட்டிட்டுப் போயி, சூடேறி, ஹெட் கேஸ்கெட் போயி, பிஸ்டனும் சிலிண்டரும் உரசி வரி வரியா ஆயிப்போச்சு. மூணு சிலிண்டரையும் லேத்துல போர் பண்ணி, அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன், புது ரிங், புது பேரிங்னு எல்லாம் போட்டோம். (எங்க ஊர்ல போர்னு சொன்னா எத்தனை அடியில தண்ணின்னு கேப்பாங்க. இது வேற போர்.) மஞ்சள் வித்த காசுல நல்ல பங்கு அதுக்கே போச்சு.

வண்டிய குடுக்கும்போது மெக்கானிக் அண்ணன் சொன்னது: "ரெண்டு நாள் வாசல்ல நிறுத்தி ஐடில்ல ஓட விடுங்க. அப்புறம் 1000 கிலோமீட்டருக்கு 40-ஐத் தாண்டாதீங்க." இதையேதான் தமிழ்நாட்டுல பாதி பட்டறையில சொல்லுவாங்க. "சரிங்கண்ணா"ன்னு தலையாட்டிட்டு வந்தேன். ஆனா செய்யல. செய்யாததுக்குக் காரணம் என்ற பழைய டிராக்டர்.

பத்து வருசத்துக்கு முன்னாடி அந்த டிராக்டருக்கு இதே மாதிரி இன்ஜின் வேலை பார்த்தோம். அப்போ பட்டறைக்காரர் சொன்னாருன்னு, களத்துல நிறுத்தி ஒரு பகல், ஒரு ராத்திரி முழுக்க ஐடில்ல ஓட விட்டேன். சாமி முன்னாடி விளக்கு அணையாம பார்த்துக்கற மாதிரி, டீசல் தீரத் தீர ஊத்திட்டு உக்காந்திருந்தேன். அப்புறமும் மனசு வரல. ஒரு மாசம் கலப்பை பூட்டவே இல்ல, காலி டிரெய்லர்தான். மூணாவது மாசம் சைலன்சர்ல நீலப் புகை. டிப் ஸ்டிக்ல ஆயில் தினமும் இறங்குது. பிரிச்சுப் பார்த்தா லைனர் உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. பளபளப்பா இருந்தா நல்லதுதானேன்னு நினைச்சேன். அதுதான் வியாதியே.

போர் பண்ணினதும் கடைசியா ஹோனிங் போடுவாங்க. சிலிண்டர் சுவத்துல குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கீறல் விழும். அந்தக் கீறல்ல ஆயில் தங்கணும், புது ரிங் அதுல தேஞ்சு சுவத்தோட ஒட்டி உக்காரணும். ரிங் உக்கார்றது அதோட சொந்த ஸ்பிரிங் பலத்துல மட்டும் இல்லீங்க. உள்ள எரியற வாயு ரிங்குக்குப் பின்னாடி போயி அதைச் சுவத்தோட அழுத்தும். இன்ஜின் பாரம் இழுத்தாத்தான் அந்த அழுத்தம் கிடைக்கும். ஐடில்ல நின்னா அழுத்தம் சொற்பம், ரிங் சும்மா தடவிட்டு இருக்கும். ரிங்கைத் தாண்டி வர்ற ஆயில் சுவத்துலயே தீஞ்சு, அரக்கு பூசின மாதிரி கீறலை மூடிரும். மூடின பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் உக்காராது. பிரிச்சு மறுபடி ஹோனிங் போட்டு, ரிங் மாத்தணும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. முதல் செலவு கடன், ரெண்டாவது செலவு கடனுக்கு மேல கடன். என் பெண்டாட்டி கம்மல் ஒரு வருசம் பேங்க்ல இருந்துச்சு.

அதனால இந்தத் தடவை நானே ஒரு முடிவு பண்ணினேன். முதல்ல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி காயில் வயரைக் கழட்டிட்டு, ஆயில் லைட் அணையற வரைக்கும் விட்டு விட்டு செல்ஃப் அடிச்சேன். வறண்ட பேரிங்ல இன்ஜின் ஓடக்கூடாது பாருங்க. ஸ்டார்ட் ஆனதும் ஒழுகல் இருக்கான்னு ஒரு பார்வை, ரேடியேட்டர்ல காத்து போயி தண்ணி நிக்குதான்னு ஒரு பார்வை, அவ்வளவுதான். நேரா ரோடு. விடியக்காலை அஞ்சரை மணிக்கு கோபியில இருந்து சத்தி ரோட்டுல போனேன். மூணாவது கியர்ல 30-ல இருந்து 55 வரைக்கும் நல்லா மிதிச்சு ஏத்தறது, அப்புறம் காலை முழுசா எடுத்துட்டு கியர்லயே தானா இறங்க விடறது. மிதிக்கும்போது ரிங் அழுந்தும். காலை எடுக்கும்போது உள்ள வெற்றிடம் உண்டாகி, ஆயிலை மேல இழுத்து, தேஞ்ச துகளைக் கழுவும். இப்படி பதினஞ்சு, இருபது தடவை. பால்காரர் ஒருத்தர் எனக்கு வண்டி ஓட்டத் தெரியலைன்னு நினைச்சு ஓரம் கட்டி நின்னுட்டார்.

50 கிலோமீட்டர்ல முதல் ஆயிலை இறக்கினேன். வெள்ளைத் தட்டுல ஊத்தி வெயில்ல பார்த்தா சரிகை மாதிரி மின்னுது. காந்தத்தை விட்டுத் துழாவினா கொஞ்சம் இரும்பு ஒட்டுச்சு, அது ரிங்கும் சிலிண்டரும் தேஞ்சது. காந்தத்துல ஒட்டாத மினுமினுப்பு பிஸ்டனோ பேரிங்கோ, அது நிறைய இருந்தாத்தான் பயப்படணும். எனக்குக் கம்மிதான். புது ஃபில்டர், மறுபடி சாதா 20டபிள்யூ-40 மினரல் ஆயில். விலை கூடின சிந்தெடிக் ஆயில் இப்போ வேண்டாம். இந்த ஆயில் மாத்தற காசை மிச்சம் பிடிக்கறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவமே வரும். இன்ஜினுக்கு அத்தனை செலவு பண்ணிட்டு, மூணு லிட்டருக்குள்ள பிடிக்கிற ஆயில்ல கணக்குப் பாக்கறதா?

இதைப் படிச்சிட்டு யாராவது முதல் நாளே ஹைவேஸ்ல நூறுல விரட்டினீங்கன்னா நான் பொறுப்பில்ல. ஒரே வேகத்துல மணிக்கணக்கா ஓட்டறதும் தப்பு, டாப் கியர்ல 25-ல திணற விடறதும் தப்பு. புது பிஸ்டனுக்கு இடைவெளி கம்மி, சூடேறினா பிடிச்சுக்கும். பாரம் குடுங்க, கொஞ்ச நேரம் குடுங்க, உடனே ஓய்வு குடுங்க. புதுசா ஏருக்குப் பழக்கற காளைய கட்டுத்தரையிலயே வெச்சிருந்தாலும் பழகாது, முதல் நாளே ஒரு ஏக்கர் உழுதாலும் படுத்துக்கும்.

சண்டை வந்தது இங்கதான். வண்டி 180 கிலோமீட்டர்ல இருக்கும்போது தங்கச்சி வீட்டு மாப்பிள்ளை வந்தார். தாளவாடியில ஒரு விசேசம், அஞ்சு பேர் போகணும், வண்டி வேணும்னார். தாளவாடின்னா திம்பம் ஏறணும், 27 கொண்டை ஊசி வளைவு. அஞ்சு பேரை ஏத்திட்டு, லாரிக்குப் பின்னாடி முதல் கியர்லயும் ரெண்டாவது கியர்லயும் ஊர்ந்து, 800 சிசி வண்டி அத்தனை தூரம் மூச்சு வாங்கறது, உக்காராத ரிங்குக்கு ஆகவே ஆகாது. "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும் மாப்ள, இப்ப வாடகை வண்டி நான் பேசித் தர்றேன்"னு சொன்னேன். அவருக்கு முகம் சுருங்கிருச்சு. "ஊரெல்லாம் ஓட்டறீங்க, எங்களுக்குன்னா மட்டும் இன்ஜினா"ன்னு கேட்டுட்டுப் போயிட்டார். தங்கச்சி பத்து நாளா போன் பண்ணல.

எங்கய்யனும் என் பக்கம் இல்ல. அம்பாசடர் காலத்துல மெதுவா ஓட்டித்தான் பழக்கினோம், நீ என்ன புதுசா சொல்றேன்னார். அன்னைக்கு லேத் வேலையும் ஆயிலும் இன்னைக்கு மாதிரி இல்லைன்னேன். அதோட அவரு சொல்ற அந்த அம்பாசடர் வாரம் ஒரு தடவை ஈரோட்டுச் சந்தைக்கு மஞ்சள் மூட்டைய ஏத்திட்டுப் போன வண்டி. மெதுவாப் போனாலும் பாரம் இழுத்துச்சு, அதனாலதான் பிழைச்சுது. இதைச் சொன்னதும் பதில் பேசாம வெத்தலையை எடுத்துட்டார்.

இப்போ மீட்டர்ல 640. ஐந்நூறுல டேப்பட் பார்த்து, ரெண்டாவது தடவை ஆயில் மாத்தியாச்சு. இந்த ஆயில்ல மினுமினுப்பு கிட்டத்தட்ட இல்ல. டிப் ஸ்டிக்ல மட்டம் இறங்கல, காலையில ஸ்டார்ட் பண்ணினா புகை இல்ல. ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு இந்த வண்டியிலயே போறேன். சாவிய மாப்பிள்ளை கையில குடுத்து, ஒரு சுத்து ஓட்டிப் பாக்கச் சொல்லலாம்னு இருக்கேன். வாங்குவாரான்னு தெரியல.