உதடு வெடிக்காமல் இருக்க

பல் டாக்டரிடம் ஒரு மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டிருந்தால் உதடு வறண்டு, கடைவாய் வெடித்து எரியும். போகும் முன்பே வாஸலின் தடவிக்கொள்ளுங்கள்.

எங்க ராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்கிற பாண்டேஜ் துணி மாதிரிதான், வாயில் வைக்கும் பஞ்சும் ஈரத்தை உறிஞ்சிவிடும். காய்ந்து ஒட்டியதை வெடுக்கென்று இழுத்தால் தோலும் கூடவே வரும். ‘நனைச்சு எடுங்க டாக்டர்’ என்று கூச்சப்படாமல் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடி வாஸலின் தடவுங்கள். நாக்கால் நனைத்தால் இன்னும்தான் காயும். மரத்துப்போக ஊசி போட்டிருந்தால் உணர்ச்சி திரும்ப 2 முதல் 4 மணி நேரம் ஆகலாம். அதுவரை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவே ஆனாலும் வேண்டாம். தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொள்வோம். குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை. 2 வாரமாகியும் புண் ஆறவில்லையா? டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.