தடுப்பூசிப் பெட்டியில் இதற்கும் இடம் வேண்டும்

குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும். அதனால் கர்ப்பப்பை இறுகச் சுருங்கினால்தான், நஞ்சு பிரிந்த இடத்தில் திறந்துகிடக்கும் ரத்தக் குழாய்கள் அடைபடும். பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு உலகில் ஆண்டுக்குச் சுமார் 70 ஆயிரம் தாய்மாரைக் கொல்கிறது.

ஒன்பதே அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு பெப்டைடு ஆக்ஸிடோசின். இதைச் செயற்கையாக உருவாக்கிய வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955-இல் நோபல் பரிசு கிடைத்தது. விலை மலிவு, ஆனால் சூடு தாங்காது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தாக வேண்டும். ஃபிரிட்ஜில் இருந்த ஆம்பூலும் வெக்கையில் நாள்கணக்கில் கிடந்த ஆம்பூலும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டிலும் தெளிந்த நீர். தடுப்பூசிக் குப்பியிலாவது சூடு பட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும் சின்னச் சதுரம் உண்டு. இதில் வழக்கமாக அதுவும் கிடையாது. ஊசி போட்டும் ரத்தம் நிற்கவில்லையே என்று செவிலியர் பதறும்போது, பழி அவர் மேல்தான் விழும். ஆம்பூலை யாரும் சந்தேகிப்பதில்லை.

2018-இல் மத்திய அரசின் பார்வை இந்த மருந்தின் மேல் விழுந்தது, மாட்டின் பெயரால். கறவைக்காக மாடுகளுக்கு இதைப் போடுவதைத் தடுக்கிறோம் என்று தனியார் தயாரிப்புக்கே தடை போட்டு, ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனத்திடம் பொறுப்பை ஒப்படைத்தது. அந்த டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது நியாயமே. தொழுவத்தின் மீது காட்டிய வேகத்தில் பாதியைப் பிரசவ அறை மீது காட்டியிருக்கலாம்.

சூடு தாங்கும் மாற்று மருந்து கார்பெட்டோசின் இருக்கிறதே என்பார்கள். உதிரப்போக்கைத் தடுப்பதில் அது இளைத்ததல்ல என்று சுமார் 30 ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் காட்டியது. மின்சாரம் நிலையில்லாத ஊர்களுக்கு அதை வாங்கட்டும். ஆனால் பிரசவ வலியைத் தூண்ட அதைப் பயன்படுத்த முடியாது. ஆக்ஸிடோசின் இல்லாமல் தீராது.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசிக்கென்று குளிர்பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே ஆக்ஸிடோசினையும் வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் 2019-இல் கூட்டாகச் சொல்லிவிட்டன. அந்தப் பெட்டியில் வேறெதையும் வைக்கக் கூடாது என்பது இங்கே ஊறிப்போன விதி. மருந்து மாறிவிடும் என்ற அச்சம் பொய்யில்லைதான். பெயர் ஒட்டிய தனி டப்பாவில் வைத்து, அன்றைய தேவைக்கு மட்டும் வெளியே எடுத்தால் அந்த அச்சம் தீரும். சுகாதாரத் துறை இதை எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். மருந்து ஆய்வாளர்களும் கிடங்கோடு நிற்காமல், பிரசவ மேஜைக்குப் பக்கத்துத் தட்டிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், அதுவும் மே மாதத்தில்.