வேடம் யாருக்கு உரியது?

ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையைப் படமாக்குகிறார்கள் என்றதும் நம்மவர் கேட்கும் முதற் கேள்வி, "யார் நடிக்கிறார்?" என்பது. அடுத்த கேள்வி, "அவருக்கு எந்த ஊர்?" என்பது. முன்னது நியாயமான கேள்வி. பின்னதை நாம் கைவிட வேண்டும் என்பது என் துணிபு.

மலையாள இலக்கியத்தின் பெருங் கலகக்காரி மாதவிக்குட்டி. 1934-இல் புன்னயூர்க்குளத்தில் பிறந்தவர். ஆங்கிலத்தில் கமலா தாஸ் என்ற பெயரில் எழுதியவர். குடும்பப் பெண் வாய் திறக்கலாகாது என்று ஊர் விதித்திருந்த செய்திகளையெல்லாம் 'என்டெ கதா'வில் எழுதினார். 1999-இல் இஸ்லாத்தைத் தழுவிக் கமலா சுரையா ஆனார். 2009-இல் மறைந்தார். அவர் வாழ்க்கையை 'ஆமி' என்ற பெயரில் இயக்குநர் கமல் படமாக்க முனைந்தபோது, முதலில் தேர்ந்தெடுத்தவர் வித்யா பாலன். அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்து மகள், மும்பையில் பிறந்தவர். 2017-இன் தொடக்கத்தில் அவர் விலகிக்கொண்டார். அவ்வேடத்தை மஞ்சு வாரியர் ஏற்றார். 2018 பிப்ரவரியில் படம் வெளிவந்தது.

"இனியாவது நம் மொழிக்காரி நடிப்பார்" என்று மகிழ்ந்தார் சிலர். "நம் பெண்ணுக்கு வந்த வாய்ப்புப் போயிற்றே!" என்று வருந்தினார் நம்மவருள் சிலர். இரு சாராரும் மறந்த செய்தி ஒன்றுண்டு. மஞ்சு வாரியர் பிறந்த ஊர் நாகர்கோவில்!

1956 நவம்பர் முதல் நாள் நாகர்கோவில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அன்று எல்லை வேறு விதமாக விழுந்திருந்தால், இன்று யாருக்கு யார் அயலார்? கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் மூணாற்றிலிருந்தும் வந்து இங்கே பயிலும் நமக்கு இக்கேள்வி புதிதன்று. இங்கே "நீ தமிழன்" என்கிறார்கள். கோவைக்குப் போனால் "நீ மலையாளி" என்கிறார்கள். இந்த அளவுகோலால் அடிபட்ட நாமே அதைக் கையில் எடுத்து ஒரு நடிகையை அளக்கலாமா?

"மொழி தெரியாதவர் எழுத்தாளராக நடிப்பது எப்படி?" என்று நண்பர்கள் கேட்கலாம். எழுத்தாளருக்கு மொழிதான் உயிர், மறுக்கவில்லை. ஆயின், 2000-இல் வந்த 'பாரதி' படத்தை எண்ணிப் பாருங்கள். ஞான ராஜசேகரன் அதில் பாரதியாக நடிக்க வைத்தது சாயாஜி ஷிண்டே என்னும் மராத்தியரை! குரல்கூட இரவல்தான். முன்பு 1961-இல் 'கப்பலோட்டிய தமிழ'னில் எஸ். வி. சுப்பையாவைப் பாரதியாகக் கண்டு உருகிய தமிழ்நாடு, இவரையும் ஏற்றுக்கொண்டது. தமிழில் அவ்வாண்டின் சிறந்த படம் என்ற தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. வறுமையிலும் வளையாத முதுகை அம்மனிதர் நடையில் காட்டினார். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

'ஆமி'யில் எனக்கு மனக்குறை உண்டு. நூலில் கண்ட சீற்றம் திரையில் தணிந்துவிட்டது. சமூகத்தைக் கலங்கடித்த பெண்ணை, சமூகம் கலங்காமல் பார்க்கும்படி மென்மையாக்கிவிட்டார்கள். இது நடிகையின் ஊராலோ மொழியாலோ நேர்ந்த குறையன்று. கலகக்காரர் மறைந்தபின் அவருக்கு மாலை போட்டுச் சாதுவாக்கும் நம் வழக்கத்தின் குறை. பாரதிக்கும் பாடப்புத்தகங்களில் இதைத்தானே செய்கிறோம்?

ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி வேறு. எழுத்தாளரின் நூல்களை இவர் படித்தாரா? ஊர் முகம் சுளித்த பக்கங்களையும் நடிக்கத் துணிவாரா? அந்தப் பக்கங்களைப் படமெடுப்பவர் விட்டுவைப்பாரா?

நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் பாரதி நாடகம் போட நேர்ந்தால், பாரதியைப் படித்துவிட்டு ஒரு மலையாள நண்பன் வந்து வேடம் கேட்கலாம். படிக்காத தமிழன் ஒருவனும் கேட்கலாம். முண்டாசை அந்த மலையாள நண்பன் தலையில் கட்டுங்கள். தமிழுக்கு அதனால் குறை வராது.